கண்டாக்கு நிற்கிற இடம்

அன்புள்ள கண்டாக்கையா,

இன்று காலை தலவாக்கலையில் பூண்டுலோயா பஸ்ஸில் ஏறினேன். விடாத மழை. நனைந்த குடையும் நனைந்த கம்பளியும் சேர்ந்தால் ஒரு வாடை வருமே, பஸ் முழுக்க அந்த வாடை. சீட்டுக் கிழித்துக் கொடுப்பவர் ஐம்பது வயதுக்காரர், தொந்தியும் தொப்பியுமாக இருந்தார். "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று எங்களையெல்லாம் முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தார். பஸ் புறப்படும் நேரம் தூரத்தில் ஓர் அம்மாள் இரண்டு பைகளுடன் ஓடி வந்தார். சாரதி ஹோர்ன் அடித்து அவசரப்படுத்தினார். இவர் அசையவில்லை. ஒரு கால் மிதிபலகையில், ஒரு கால் சேற்றில். அந்த அம்மாள் ஏறி, பைகளும் ஏறிய பிறகுதான் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "ஹரி, யங்!" என்று புறப்படச் சொன்னார். கடைசியாகத் தானும் ஏறிக்கொண்டார்.

எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் தன் தோழியிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். நடுவில் 'கொந்தொஸ்தர' என்ற சொல் வந்தது. பஸ் கண்டக்டருக்குச் சிங்களத்தில் அதுதானே பெயர். அந்தச் சொல்லைக் கேட்டதும் நீங்கள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். உங்கள் அரைக் காற்சட்டை, முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறை, அட்டை ஏறாமல் இருக்க அதில் தேய்த்த சோப்பின் மணம், எல்லாவற்றோடும். இறங்குகிறவரை நான் உங்களோடுதான் பேசிக்கொண்டு வந்தேன். பேசியதில் பாதியையாவது எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் இரண்டு பேரும் அந்தத் தோட்டத்துக்கு ஒரே மாதத்தில் வந்தவர்கள். நான் பள்ளிக்கூடத்துக்கு, நீங்கள் மலைக்கு. கொழுந்து பறிக்கும் ஆட்களுக்கு நெரை, அதாவது செடி வரிசை, பிரித்துக் கொடுத்து, பின்னால் நின்று வேலை வாங்குகிற கண்டாக்கு உத்தியோகம். டிக்கோயாப் பக்கத்தில் தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயத்தில் பிறந்து, பரீட்சை எழுதி, அந்த உத்தியோகத்துக்கு வந்திருந்தீர்கள். அதை மற்றவர்கள் பெருமையாகச் சொல்வார்கள் என்று நான் நினைத்திருந்தேன். தோட்டத்தில் வேறு மாதிரிச் சொன்னார்கள். முதல் வாரமே தேயிலை மலையில் பழனியம்மா உங்கள் காதில் விழும்படி சொன்னது எனக்கும் வந்து சேர்ந்தது.

"லயத்துல பொறந்தவருதானே. இப்ப காலுறை மாட்டிக்கிட்டு நம்மளையே வெரட்ட வந்துட்டாரு."

பழனியம்மாவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். மேல்லயத்துக்காரி. கையும் வேகம், வாயும் வேகம். அவள் சொன்னதற்கு நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் மறந்தும்விடவில்லை. அது எனக்கு எப்போது தெரிந்தது என்றால், எங்கள் பள்ளிக்கூட இடைவேளையில் ஒரு நாள்.

பிள்ளைகள் வேலி ஓரத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாறு பேர் வரிசையாக நின்று வேலிச்செடியின் இலைகளைக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு சிறுமி, கையில் குச்சி, இடுப்பில் கை. "ஏய் மூணாவது நெரை! கையால பறிக்கிறீங்களா, வாயால பறிக்கிறீங்களா?" அப்படியே உங்கள் குரல். உங்கள் இழுவை. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால், மகளுக்குச் சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவந்து நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள். குச்சி வைத்திருந்தது உங்கள் மகளேதான்.

நீங்களும் சிரித்தீர்கள். பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். வழக்கமாகக் குடிக்கிற தேநீரை அன்று குடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பின்னேரம் என் வீட்டுக்கு வந்தீர்கள்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"கேளுங்க."

"இந்தக் கண்டாக்குங்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

"நடத்துநர். மேற்பார்வை பாக்கிறவர்" என்றேன். வகுப்பில் சொல்கிற பழக்கத்தில் உடனே வந்துவிட்டது.

"அது உத்தியோகம், மாஸ்டர். நான் கேட்டது சொல்லு. அந்தச் சொல்லு எங்கேருந்து வந்துச்சு? வெரட்டுறவன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

வருடக் கணக்காக இங்கிலிஷ் படிப்பித்த எனக்கு அதைப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அலமாரியிலிருந்து அந்தத் தடித்த அகராதியை எடுத்தேன். நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வைத்தியர் அறிக்கை வாசிக்கப் போகிறார் என்பதுபோலக் குனிந்தீர்கள்.

சொல் ஆங்கிலத்தில் பிறந்ததல்ல. லத்தீனிலிருந்து வந்திருக்கிறது. 'கொன்' என்றால் சேர்த்து, ஒன்றாக. 'தூக்கெரே' என்றால் வழிகாட்டி அழைத்துச் செல்லுதல். இரண்டும் கூடினால், சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகிறவர். கீழே இன்னொரு குறிப்பு இருந்தது, அதையும் சொன்னேன். கல்வி என்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கிற 'எஜுகேஷன்' என்ற சொல்லுக்கும் அந்தத் 'தூக்கெரே' உறவுமுறைதான். அழைத்துச் செல்லுதல்தான் அதற்கும் அடி.

அதற்குத்தான் நீங்கள் முகம் மலர்ந்தீர்கள். "அப்ப ரெண்டு பேரும் ஒரே லயத்து ஆளுங்க, மாஸ்டர்."

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். "கூட்டிட்டுப் போறவன்னா, முன்னால போறவனா, பின்னால போறவனா?"

அகராதியை மேலும் கீழும் பார்த்தேன். அதில் இல்லை. "அது போடல" என்றேன்.

"அப்ப பாதி அர்த்தந்தான் போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனீர்கள்.

அந்தப் பாதியைத் தேடியே நமக்குப் பல ஞாயிறுகள் போயின. இப்போது நினைத்தால் அதைவிடச் சந்தோஷமான பொழுது எனக்கு வேறு இருந்ததாகத் தெரியவில்லை.

பழைய ஆட்கள் இந்தச் சொல்லை எப்படி வாங்கியிருப்பார்கள் என்று ஒரு நாள் பேசினோம். எழுத்தில் பார்த்து வாங்கிய சொல்லல்ல, காதால் வாங்கியது. துரைமார் வாயில் வந்ததைக் கேட்டு, நாக்குக்குத் தேவையில்லாத வாலை நறுக்கிவிட்டார்கள். 'கண்டக்டர்' என்பதில் 'டர்' போய்க் கண்டாக்கு ஆயிற்று. அதிகாலையில் ஆள் கூட்டிப் பெயர் கூப்பிடுகிற 'பரேட்' பெரட்டு ஆயிற்று. வரிசை வீட்டுக்கு 'லைன்' என்றார்கள், அது லயம் ஆயிற்று. பள்ளிக்கூட வாசலையே பார்த்திராதவர்கள் ஓர் அந்நிய மொழியைத் தங்கள் கைக்கு அடக்கமாக வெட்டித் தைத்துக்கொண்டதை நான் வியந்து சொன்னபோது நீங்கள் சொன்னீர்கள்: "மாஸ்டர், பெரிய சட்டைய வாங்கினா, குட்டையா வெட்டித்தானே போடணும்."

உதாரணங்கள் ஒவ்வொன்றாக வந்தன. செப்புக் கம்பியும் கண்டக்டர்தான் என்று விஞ்ஞானப் புத்தகத்தைக் காட்டினேன். மின்சாரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சேர்த்துவிடுகிறது. ஸ்டோரின் கூரையில் நிற்கிற இடிதாங்கிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர் என்றேன். கொழுந்தை அரைக்கிற அந்தப் பெரிய கட்டிடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அது சரி, இடியும் எங்க தலையிலதான் எறங்குது" என்றீர்கள். அந்த வாரம்தான் கொழுந்து முற்றல் என்று தோட்ட நிர்வாகியான பெரிய துரையிடம் வாங்கிக் கட்டியிருந்தீர்கள்.

நுவரெலியாவில் ஹோட்டலில் வேலை செய்கிற என் பழைய மாணவன் ஒருவன், ஜப்பான்காரர்கள் சுற்றுலாவுக்கு ஆள் கூட்டிவருகிறவரை 'கொந்தகுதா' என்று அழைப்பதாகச் சொன்னான். ஆங்கிலத்திடமிருந்து அவர்கள் வாங்கித் தங்கள் அளவுக்கு வெட்டிக்கொண்டது. கையில் சின்னக் கொடியோடு முன்னால் நடப்பாராம். பிரான்ஸில் இருக்கிற இன்னொருவன் தொலைபேசியில் சொன்னான், அங்கே அந்தச் சொல்லின் பிரெஞ்சு உறவு பஸ் ஓட்டுகிறவரைக் குறிக்குமாம். நீங்கள் விரல் மடக்கினீர்கள். "ஜப்பான் முன்னால. பிரான்ஸ் முன்னால. நம்ம பஸ்ஸுல பின்னால. நானும் பின்னால." பிறகு ஒரு நாள் தொலைக்காட்சியில் பெரிய வாத்தியக் குழு ஒன்றைப் பார்த்தோம். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் முன்னால் நின்று குச்சி ஆட்டினார். அவரும் கண்டக்டர்தான் என்றேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "முன்னால நிக்கிறாரு, ஆனா தன்னோட ஆளுங்களைப் பாத்துக்கிட்டே நிக்கிறாரு. அவரு குச்சிக்கு ஒருத்தரும் பயப்படக் காணோம்" என்றீர்கள்.

அந்தக் கேள்வி உங்களுக்கு விளையாட்டல்ல என்பது எனக்குத் தெரியும். பின்னால் நின்று அதட்டுகிற ஆளாகவே பிள்ளைகள் வேலியோரத்தில் உங்களை நடித்துக் காட்டினார்கள். கூட்டிக்கொண்டு போகிறவன் என்று புத்தகம் சொல்கிறது, எங்கே கூட்டிக்கொண்டு போனேன், என்று ஒருமுறை தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு கேட்டீர்கள்.

மேல்லயம் நினைவிருக்கிறதா என்று உங்களிடம் கேட்பது வேடிக்கைதான். குடும்பத்துக்கு ஓர் அறையாக இருபது காம்பிரா, முதுகோடு முதுகு ஒட்டிய லயம். பின்னால் செங்குத்தாக மலை. பக்கவாட்டில் பீலி. கோடையிலும் வற்றாமல் மூங்கில் வழியே கொட்டிக்கொண்டிருக்கிற அந்தத் தண்ணீரில்தான் லயமே குளித்தது, சமைத்தது.

அந்த வருடம் பத்து நாள் மழை நிற்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கிராம சேவகர் முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தார். மண் சரியலாம், மேல்லயத்தார் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று இரு மொழியிலும் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. முன்பு மூன்று முறை அப்படிப் போயிருந்தார்கள். மூன்று முறையும் பள்ளிக்கூட வாங்குப் பலகையில் முடங்கிக் கிடந்துவிட்டு, எதுவும் ஆகாமல் திரும்பி வந்தார்கள். நீங்களும் நானும் போய்ச் சொன்னபோது பழனியம்மா வாசற்படியில் நின்றபடியே சொன்னாள்:

"போன வாட்டி போயிட்டு வந்து பாத்தா எங்கோழி நாலும் காணோம். மலை விழல, கோழிதான் போச்சு. இந்த வாட்டி மலை விழட்டும், அப்பறம் வாரேன்."

லயமே சிரித்தது. திரும்பி நடந்தோம். பீலியைத் தாண்டும்போது நீங்கள் நின்றீர்கள்.

"மாஸ்டர், சத்தம் கேக்குதா?"

"மழைச் சத்தம்."

"பீலிச் சத்தம்."

மூங்கில் வாயில் தண்ணீர் இல்லை. பத்து நாள் மழையில், ஊரெல்லாம் வெள்ளம் ஓடுகையில், பீலி நின்றிருந்தது. "எங்கயாச்சும் அடைச்சிருக்கும்" என்று நான் சொன்னேன். படித்த முட்டாள்தனம் அது.

"பீலிக்கு ஏது மாஸ்டர் அடைப்பு? மலை தண்ணிய வெளிய விடாம உள்ளுக்குள்ள வச்சிருக்கு." அண்ணாந்து மலையைப் பார்த்தீர்கள். "இது நிக்காது. அறுபத்து மூணு பேரு இருக்காங்க."

"அவங்கதான் வர மாட்டேங்கிறாங்களே."

பெரட்டுக் களம் இருந்த பக்கம் திரும்பினீர்கள். பிறகு சொன்னீர்கள்: "சொன்னா வர மாட்டாங்க. கூப்பிட்டா வருவாங்க."

எனக்கு விளங்கவில்லை. நீங்கள் பெரட்டுக் களத்துக்கு ஓடினீர்கள். சவுக்கு மரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டை இரும்பால் அடிக்கத் தொடங்கினீர்கள். விடிகாலையில் மட்டும் அடிக்கிற அந்தச் சத்தம் ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு மழைக்குள்ளிருந்து வந்தது. ஒலிபெருக்கிக்கு அசையாத லயம் அதற்கு அசைந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் போகாமலிருந்தால் அன்றைய பெயர் இல்லை. ஒரு நாள் வேலைக்குப் பெயர் என்றுதானே சொல்வார்கள், முழுப்பேர், அரைப்பேர் என்று. தாய் வயிற்றிலிருந்தே கேட்டுப் பழகிய சத்தம். கம்பளியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, கூடையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"என்னா கண்டாக்கையா, ஞாயித்துக்கெழமை கூத்து?" என்று பழனியம்மா கேட்டாள்.

"விசேச வேலை. வர்றவங்க எல்லாருக்கும் முழுப்பேர். வேலைக்குப் பேர் இல்லாதவங்களையும் கூட்டிட்டு வாங்க. கெழவன், கெழவி, கைப்புள்ளை எல்லாத்துக்கும்."

"எந்த மலையில வேலை?"

"பள்ளிக்கூடத்துல."

"என்னா வேலை?"

"உக்காந்திருக்கிற வேலை."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "இந்த வேலைய இம்புட்டு நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றாள் பழனியம்மா. சிரித்தவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். முழுப்பேர் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

"மாஸ்டர், சாவி உங்ககிட்ட. நீங்க முன்னால போங்க" என்றீர்கள். நான் முன்னால் நடந்தேன். எதிர் மலையில் பள்ளிக்கூடம், அரை மணி நடை. கதவைத் திறந்து, நனைந்தவர்களை உள்ளே விட்டு, நீங்கள் என் கையில் திணித்திருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டேன். அறுபத்திரண்டு பேர் குரல் கொடுத்தார்கள். பழனியம்மாவின் புருஷன் மாரிமுத்து இல்லை. நெஞ்சுவலிக்காரர். "வரமாட்டேன்னு கட்டிலைப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தாரு" என்று அப்போதுதான் சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் மாறிவிட்டது. வாசலைப் பார்த்தேன். நீங்களும் இல்லை.

அந்த ஒரு மணி நேரத்தை நான் எழுதப் போவதில்லை. இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் பாதையில் ஒரு உருவம் தெரிந்தது. கம்பளியைத் தொட்டில் போலக் கட்டி மாரிமுத்துவை முதுகில் சுமந்துகொண்டு வந்தீர்கள். அவர் வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்திருக்கிறார். இறக்கிவிட்டதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "எல்லாரும் வந்தாச்சா?"

மலை விழவில்லை.

காலையில் மழை விட்டு வெயில் அடித்தது. எதிர்மலையில் மேல்லயம் தகரம் மினுக்க அப்படியே நின்றது. பழைய சிரிப்புத் தொடங்கியது. ஏழு மணிக்கே பெரிய துரை ஆள் அனுப்பினார். யாரைக் கேட்டுப் பெரட்டு வைத்தாய், யாரைக் கேட்டுப் பெயர் கொடுத்தாய் என்று எழுத்தில் விளக்கம் கேட்டு ஒரு கடிதம். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, சனம் கூடைகளை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் புறப்பட்டுவிட்டது. உலை வைக்க வேண்டும், ஆடு கத்தும் என்று ஆளுக்கொரு காரணம்.

நீங்கள் ஓடிப்போய்ப் பாதையின் குறுக்கே நின்றீர்கள். இம்முறை அடிக்கத் தண்டவாளமும் இல்லை, கொடுக்கப் பெயரும் இல்லை.

"நேத்து உங்களை ஏமாத்தித்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றீர்கள். "முழுப்பேர் குடுக்க எனக்கு உரிமை இல்ல. அது பொய். ஆனா பீலி நின்னது பொய்யில்ல. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் இருங்க. இன்னும் அது ஓடல. நான் போயிப் பாத்துட்டுத்தான் வாரேன்." காலுறை முழுக்கச் சேறு. இரண்டு கையையும் கூப்பிவிட்டீர்கள்.

ஆண்கள் முணுமுணுத்தார்கள். பொய் சொன்னதை ஒப்புக்கொண்டுவிட்டாரே, இனி எதை நம்புவது என்று ஒருவர் சத்தமாகவே கேட்டார். இரண்டு பேர் உங்களை ஒதுக்கிக்கொண்டு நடக்கவும் தொடங்கினார்கள். அப்போது பழனியம்மா கூடையைப் பாதையில் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள்.

"இத்தனை வருசம் இவரு பின்னால நின்னு கத்தினாரு, போனோம். இன்னைக்கு முன்னால வந்து கையெடுக்கிறாரு. எம்புருசனைச் சொமந்த முதுகு அது. யாரு போறாங்கன்னு நானும் பாக்குறேன். உக்காருங்கடி!"

பெண்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் உட்கார்ந்தால் உலை வைக்க ஆளில்லை. நடந்தவர்களும் திரும்பினார்கள்.

பத்தரை மணி இருக்கும். நல்ல வெயில். முதலில் காகங்கள் எழும்பின. பிறகு மேல்லயத்துக்குப் பின்னாலிருந்த மலை, மெதுவாக, ஒருவர் போர்வையைக் கழற்றிவிடுவதுபோல இறங்கியது. சத்தம் அதற்கப்புறம்தான் வந்தது. லயம் இருந்த இடத்தில் சிவந்த மண் மட்டும் இருந்தது. அறுபத்து மூன்று பேரும் பாதையில் நின்று அதைப் பார்த்தார்கள். யாரும் அழவில்லை. உடனே அழுகை வரவில்லை. நீங்கள் மட்டும் மெல்லிய குரலில், உதட்டுக்குள், பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது. முழு லயத்தையும், குழந்தைகள் வரை, இரண்டு முறை.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். உங்கள் மேல் போட்ட கடிதம் திரும்பப் பெறப்படவில்லை. பழனியம்மா பெண்களைக் கூட்டிக்கொண்டு ஒப்பீஸ் வாசலுக்குப் போய், "எங்களுக்கு அந்த ஞாயித்துக்கெழமைப் பேர் வேணாம், வெட்டிவிட்டுருங்க. எங்க கண்டாக்கையாவை மட்டும் ஒண்ணும் பண்ணாதீங்க" என்று நின்றாள். பெயர்களை வெட்டினார்கள். கடிதத்தைக் கோப்பில் வைத்தார்கள். உங்களுக்கு வர வேண்டிய பெரிய கண்டாக்கு உத்தியோகம் காலியானபோது வெளியிலிருந்து ஓர் ஆள் வந்தார். நான் கொதித்தேன். நீங்களோ, "எங்க கண்டாக்கையா" என்று அவள் சொன்னதை மட்டும் என்னிடம் இரண்டு மூன்று முறை திருப்பிச் சொன்னீர்கள். அந்த 'எங்க' உங்களுக்குப் போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு மலையில் உங்கள் அதட்டல் நின்றுவிட்டதா என்றால், இல்லை. கொழுந்து முற்றினால் கத்தத்தான் செய்தீர்கள். பழனியம்மாவும் பதிலுக்குக் கத்தினாள். உங்களை நான் ஒரு தெய்வமாக்கி எழுதினால் அவளே வந்து இந்தத் தாளைக் கிழித்துவிடுவாள். ஆனால் நம் பழைய கேள்வியை நீங்கள் மறுபடி கேட்கவே இல்லை. ஒரு ஞாயிறு நானே நினைவுபடுத்தினேன். "முன்னாலயா, பின்னாலயான்னு கேட்டீங்களே?" சோப்பைக் காலுறையில் தேய்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "அவன் போடாம விட்டது நல்லதுதான், மாஸ்டர். அன்னைக்கு ரெண்டு எடத்துலயும் நிக்க வேண்டியிருந்துச்சு."

போன மாசியில் உங்களைக் கொண்டுபோனோம். புது வீட்டுத் திட்டத்தில் குடியேறிய மேல்லயத்து ஆட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். தப்பு மேளம் முன்னால், பின்னால் நீங்கள், அதன் பின்னால் நாங்கள். தேயிலைக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதை, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். பழனியம்மாவுக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்று, உங்களைத் தூக்கிப் போகிறவர்களைப் பார்த்துச் சொன்னாள்:

"இன்னைக்கு மட்டும் இவரு முன்னால போறாரு பாருங்க, மாஸ்டர். எல்லாரும் வந்தாச்சான்னு யாரு பாக்கிறது?"

அவளைக் கூட்டத்தோடு நடக்கவிட்டேன். பாதை ஓரத்தில் ஒதுங்கி, ஒவ்வொருவராகப் போகும்வரை நின்றேன். கடைசி ஆளும் போன பிறகு பின்னால் நடந்தேன். வாழ்நாளெல்லாம் வகுப்பின் முன்னால் நின்ற எனக்கு அந்த இடம் புதிது. அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய முதுகும் தெரிகிறது. யார் நொண்டுகிறார், யார் மூச்சு வாங்குகிறார், யார் கைக்குழந்தையை மாற்றித் தூக்குகிறார் என்று தெரிகிறது. முன்னால் நின்று ஒருநாளும் நான் பார்த்திராதது.

அகராதியில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: 'கடைசி ஆள் வந்து சேரும்வரை நிற்பவர்.' ஆசிரியன் அகராதியில் கிறுக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னவன்தான் நான்.

இன்று பூண்டுலோயாவில் பஸ் நின்றதும் எல்லோரும் முண்டியடித்து இறங்கினார்கள். அந்தத் தொந்திக்காரர் என் நரையைப் பார்த்து, முதலில் இறங்கும்படி கை காட்டினார். வேண்டாம் என்று தலையசைத்தேன். பைகளோடு வந்த அம்மாள் இறங்கினார். தூங்கிக்கொண்டிருந்த ஒருவரைத் தட்டி எழுப்பினேன். இருக்கைகளுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, பின் வாசல் வழியாக நானும் இறங்கினேன். மழை இன்னும் விடவில்லை. வீடு வருகிற வழியில் இருக்கிற இன்னொரு பீலி ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று நின்று கேட்டேன்.

ஓடுகிறது, கண்டாக்கையா. எல்லாரும் வந்தாச்சு.

உங்கள்
மாஸ்டர்